வடசென்னைக்கு வேலைக்கு வந்தவர்கள் ஆட்களைச் சம்பாதிப்பது எப்படி: முதல் ஆறு மாத வழிகாட்டி

திருவொற்றியூர், மணலி, எண்ணூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று வேலை கிடைத்து வெளியூரிலிருந்து வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடு பார்த்துக் கொடுக்க புரோக்கர் இருப்பார். வேலையைச் சொல்லிக் கொடுக்க சூப்பர்வைசர் இருப்பார். ஆனால் காய்ச்சல் வந்து படுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, அடுத்த கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் போட, ஒரு விண்ணப்பத்தில் 'இவரை எனக்குத் தெரியும்' என்று கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்? கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து மணலியில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தபோது எனக்கு இந்த மூன்றுக்கும் ஒருவரும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைந்துதான் வழி தெரிந்தது.

கீழே இருப்பதெல்லாம் ஒரே கணக்கில் போடப்பட்டவை. உதவி வேண்டிய நாளில் போய் நின்றால் யாரும் அசைய மாட்டார்கள். ஒன்றும் வேண்டாத நாட்களிலேயே உங்கள் முகம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூடவே கொடுக்கல் வாங்கலும் காகிதமும் சுத்தமாக இருக்க வேண்டும். இந்தப் பக்கத்து ஜனங்கள் சட்டென்று பழகுவார்கள். கணக்கில் கோணல் தெரிந்தால் அதே வேகத்தில் விலகியும் விடுவார்கள்.

1. வீட்டுக்கு முன்னால் போகிற வழியைப் பாருங்கள்

புரோக்கர் முதலில் சொல்வது வாடகை. நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, வேலைக்குத் தினமும் எதில் போய் வரப்போகிறீர்கள் என்பது. அறிமுகங்களில் பாதி அந்த வழியில்தான் கிடைக்கிறது.

எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் வேலை என்றால் கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில்தான் வசதி. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் என்று வரிசையாக நிற்கும். தினமும் ஒரே வண்டி, ஒரே பெட்டி, முடிந்தால் ஒரே கதவோரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழிந்தால் தலையசைப்பு வரும். அதற்கடுத்த மாதம் 'இன்னா, நேத்து லீவா?' வரும். அந்தப் பெட்டியில் துறைமுகத்து ஆட்கள், அனல்மின் நிலையத்து ஆட்கள், லாரி கம்பெனி ஆட்கள், பலவிதமான கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரும் இருப்பார்கள். எங்கே ஆள் எடுக்கிறார்கள், எந்த கான்ட்ராக்டர் சம்பளத்தை இழுத்தடிக்கிறார் என்பது வேறு எங்கும் வருவதற்கு முன் அங்கே வந்துவிடும். மாத சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். தினம் டிக்கெட் எடுப்பதைவிட நன்றாகவே மிச்சமாகும், வரிசையில் நின்று வண்டியை விடவும் வேண்டியதில்லை.

மெட்ரோ 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை ஓடுகிறது. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் அதில் எல்லார் காதிலும் இயர்போன். பேச்சுத் துணை கிடைக்காது. மணலிக்கு பயணிகள் ரயில் இல்லை, மாநகரப் பேருந்துதான். கம்பெனி பஸ் இருந்தால் பைக் வைத்திருந்தாலும் முதல் மூன்று மாதம் அந்த பஸ்ஸிலேயே போங்கள். வேறு செக்‌ஷன் ஆட்களோடு பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் கம்பெனிக்குள்ளேயே கிடையாது.

2. ஹவுஸ் ஓனரோடு: முதலில் காகிதம், அப்புறம் பாசம்

இந்த ஊரில் உங்களுக்கு வரும் முதல் பெரிய உறவு ஹவுஸ் ஓனர். அவர் மேல் மாடியிலோ எதிர் வீட்டிலோதான் இருப்பார். அதனால் ஒப்பந்தத்தைத் தெளிவாக முடித்துக்கொண்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. நடப்பில் ஐந்து மாதம், ஆறு மாதம் கேட்பார்கள்; பத்து கேட்பவர்களும் உண்டு. சட்டத்தைச் சொல்லிச் சண்டைக்குப் போகாமல் 'மூணு மாசம் இப்ப தர்றேன்மா, மீதியை இரண்டு தவணையா தர்றேன்' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

வேண்டியவை: ஆதார் நகல், கம்பெனியின் வேலை நியமனக் கடிதம் அல்லது அடையாள அட்டை நகல், இரண்டு போட்டோ, சொந்த ஊரில் ஒருவருடைய போன் நம்பர். அசல் எதையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ஒவ்வொரு நகலிலும் 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று எழுதி, தேதி போட்டு, குறுக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். புரோக்கர் கமிஷன் வழக்கமாக ஒரு மாத வாடகை. அட்வான்ஸை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய நாலு விஷயம்: கரண்ட் பில்லுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு, தண்ணீர் எப்போது வரும், லாரித் தண்ணீர் வாங்கினால் யார் செலவு, காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பெயிண்ட் அடிக்க அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்பதில்லை. சண்டை வருவது அதில்தான்.

கையெழுத்தானதும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை ஊருக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம் வாடகை. ஐந்தாம் தேதி என்றால் நாலாம் தேதியே கொடுங்கள். ஆறு மாதம் தேதி தவறாமல் வாடகை கொடுத்தவரைப் பற்றி ஹவுஸ் ஓனர் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிடுவார். நாம் போய் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டிய வேலையே இருக்காது.

3. தெருவில் முகம் தெரிய வேண்டும்

வடசென்னையில் பல தெருக்களில் வாசலே கூடம். லைன் வீடுகளில் ஒரே நடை, ஒரே குழாய். காலையில் மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் அடிபம்பைச் சுற்றி நீலம், பச்சை, ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். ஆள் இருக்காது, குடம் இருக்கும். அந்தக் குடம்தான் ஆள். யாருடைய குடத்தையும் நகர்த்திவிட்டு உங்கள் குடத்தை வைக்காதீர்கள். புதிதாக வந்தவரைப் பற்றித் தெரு முடிவுக்கு வருவது அங்கேதான். வயதான ஒருவர் பம்பு அடிக்கத் திணறினால் நாலு அடி அடித்துக் கொடுங்கள். 'எந்த வூட்டுக்கு வந்துகீற தம்பி?' என்று கேள்வி வரும். பெயர், ஊர், வேலை மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். சம்பளத்தை மட்டும் சொல்லாதீர்கள்.

பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'நீ, வா, போ' என்றும் 'இன்னாபா' என்றும் 'நைனா' என்றும் கூப்பிடுவார்கள். தெற்கத்தி ஆட்களுக்கு முதலில் சுருக்கென்று இருக்கும். மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரிதான். நீங்கள் பதிலுக்கு அண்ணே, அக்கா, அம்மா, பெரியவரே என்று பேசினால் போதும். வந்த வாரமே அவர்கள் பேச்சை நீங்கள் பேசிக் காட்ட முயற்சி செய்ய வேண்டாம். கிண்டல் செய்கிறீர்கள் என்றுதான் படும்.

அதைவிடப் பெரிய தப்பு, சினிமாவில் பார்த்த வடசென்னையை வாயில் வைத்துக்கொண்டு வருவது. 'இங்க ராத்திரி வெளிய வரலாமா?' என்று டீக்கடையில் கேட்டவரை எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் பிறந்து படித்து வேலைக்குப் போகிற பிள்ளைகள், முகவரியைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் ஆட்களைப் பல இடங்களில் சந்தித்து நொந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் அதையே கேட்டால் உங்களுக்கு ஒரு கதவு அப்போதே மூடிவிடும்.

டீக்கடை, மளிகை, இஸ்திரி வண்டி மூன்றையும் மாற்றாமல் ஒரே இடமாக வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கடன் நோட்டுப் போடலாம், தப்பில்லை. முதல் இரண்டு மாதம் ரொக்கம் கொடுத்துவிட்டு அப்புறம் போடுங்கள், சம்பளம் வந்த அன்றே அடைத்துவிடுங்கள்.

4. முகவரிச் சான்று: அறிமுகம் கைகொடுக்கும் முதல் இடம்

இங்கே தங்குவது உறுதியென்றால் இரண்டாம் மாதத்தில் ஆதாரில் முகவரியை மாற்றிவிடுங்கள். ஆன்லைனிலும் செய்யலாம், சேவை மையத்துக்கும் போகலாம். கட்டணம் 75 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். சிக்கல் பணத்தில் இல்லை, எந்தச் சான்றைக் கொடுப்பது என்பதில்தான். கரண்ட் பில் ஓனர் பெயரில் இருக்கும். சாதாரண வாடகை ஒப்பந்தத்தை ஒரு மையத்தில் எடுத்துக்கொள்வார்கள், இன்னொரு மையத்தில் திருப்பி அனுப்புவார்கள்.

அப்போது கைகொடுப்பது ஆதார் ஆணையத்தின் சான்றளிப்புப் படிவம். அதை அவர்களுடைய இணையதளத்திலிருந்து அச்செடுத்து, போட்டோ ஒட்டி, கெசட்டெட் அதிகாரியோ மாநகராட்சி கவுன்சிலரோ சட்டமன்ற உறுப்பினரோ கையெழுத்திட்டு முத்திரை வைத்தால் முகவரிச் சான்றாகச் செல்லும். கையெழுத்தான நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லுபடி. தேதி போடாமல் வாங்கி வந்துவிடாதீர்கள்.

கவுன்சிலர் அலுவலகத்துக்குத் தனியாகப் போனால் 'நாளைக்கு வாங்க' என்பார்கள். வார்டில் நம்மைத் தெரிந்த ஒருவரோடு போனால் அன்றைக்கே முடியும். ஹவுஸ் ஓனரோ மளிகைக்கடைக்காரரோ வந்தால் போதும். மூன்றாவது படியைத் தாண்டி வந்தவர்களுக்கு இது ஒரு காலை வேலை. ஒப்பந்தம், ஆதார், கம்பெனி அட்டை மூன்றின் அசலையும் காட்டுவதற்குக் கையில் வைத்திருங்கள். இதற்குப் பணம் எதுவும் கிடையாது.

5. வேலை செய்யும் இடத்தில் யாரைப் பிடிப்பது

எல்லாரும் மேனேஜரைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். மேனேஜருக்கு உங்கள் பெயர் நினைவில் நிற்கவே வருடம் ஆகும். கேட் செக்யூரிட்டி, ஸ்டோர் இன்சார்ஜ், டைம் ஆபீஸ் கிளார்க், உங்கள் செக்‌ஷனில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு ஆபரேட்டர், இந்த நாலு பேர் போதும். பஞ்சிங் விட்டுப்போனால், சேஃப்டி ஷூ கிழிந்தால், லீவு சம்பளத்தில் பிடித்துவிட்டால் வேலை நடப்பது இவர்கள் மூலம்தான்.

அனுபவஸ்தரிடம் கற்றுக்கொள்ள விரும்பினால் 'எனக்கு வழிகாட்டுங்கண்ணே' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். அவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது, சிரித்துவிட்டுப் போய்விடுவார். கையில் ஒரு குறிப்பிட்ட கேள்வியோடு போங்கள். நான் கேட்டது ஒரு அளவுமானியைப் பற்றி. ஒரே துண்டை நான் அளந்தால் ஒரு அளவு, அவர் அளந்தால் வேறு அளவு. அவர் பதில் சொல்லவில்லை. துண்டை என் கையிலிருந்து வாங்கி, ஓரத்தில் விரலால் தடவி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறைக் காட்டி, அதைத் தேய்த்துவிட்டு 'இப்ப அள' என்றார். அதற்கப்புறம் நான் கேட்காமலே கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

நேரம் பார்த்துப் பேசுங்கள். காலை ஷிப்ட் ஆறு மணி, மதியம் இரண்டு, இரவு பத்து என்று இருக்கும் இடங்களில் ஷிப்ட் மாறும் கால் மணி நேரம் யாரிடமும் எதுவும் கேட்கக்கூடாத நேரம். டீ இடைவேளை முடிந்து மெஷின் ஓட ஆரம்பித்ததும் ஒரு அமைதி வரும், அதுதான் சரியான நேரம். செலவு என்று பார்த்தால் ஒரு டீயும் வடையும். அதையும் தினமும் நீங்களே கொடுக்காதீர்கள். அவர் வாங்கித் தரும் நாளில் வாங்கிக்கொள்ளுங்கள். எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்கிறவனைப் பார்த்தால் எதற்கோ அடிபோடுகிறான் என்று தோன்றும்.

இனி காகிதம். வேலையில் சேர்ந்த முதல் மாதமே சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண், இ.எஸ்.ஐ. எண் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள், உங்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அயனாவரத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம். கான்ட்ராக்ட் மூலம் வேலைக்குப் போகிறவர்கள் மாதம் ஒருமுறை உமங் செயலியில் பி.எஃப். பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். என் நண்பர் ஒருவருக்குச் சீட்டில் பிடித்தம் இருந்தது, கணக்கில் பணம் இல்லை. கேட்டுப் போனவரை அந்த கான்ட்ராக்டர் மாதக்கணக்கில் அலையவிட்டார். அவருக்கு வழி சொன்னது ரயில் பெட்டியில் பழக்கமான ஒரு தொழிற்சங்கக்காரர். எந்த அலுவலகத்துக்கு, என்ன நகல்களோடு, எந்தத் தேதிகளைக் குறித்து எழுத வேண்டும் என்று ஒரு பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அதை வைத்துத்தான் பணம் ஏறியது.

சங்கத்தில் சேர்வது உங்கள் விருப்பம். சேராவிட்டாலும் சங்கத்து ஆள் ஒருவரையாவது பெயர் சொல்லிப் பேசும் அளவுக்குத் தெரிந்து வைத்திருங்கள். 1918லேயே பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கண்ட பூமி இது. இங்கே அந்த ஆட்களுக்கு அலுவலக நடைமுறைகள் விரல்நுனியில் இருக்கும்.

கட்டட வேலை, சுமைப்பணி, தையல், ஆட்டோ மாதிரி அமைப்புசாராத் தொழிலில் இருப்பவர்கள் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியங்களில் பதிவு செய்யலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், போட்டோ, வயதுச் சான்று இவற்றோடு நீங்கள் அந்த வேலைதான் செய்கிறீர்கள் என்று ஒருவர் கையெழுத்துப் போட்ட பணிச்சான்று வேண்டும். எல்லாரும் மாட்டிக்கொள்வது அந்தக் கடைசிச் சான்றில்தான். இடைத்தரகர் ஆயிரம், இரண்டாயிரம் கேட்பார். பதிவு செய்யக் கட்டணமே கிடையாது. மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவும் இலவசம். 16 முதல் 59 வயது வரை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு.

6. வேலைக்கு வெளியே ஒரு வட்டம்

கம்பெனி ஆட்கள் மட்டுமே நண்பர்களாக இருந்தால், கம்பெனியில் பிரச்சினை வரும் நாளில் பேச ஆள் இருக்காது. வாரத்தில் ஒரு நாளாவது வேறு இடம் வேண்டும்.

விளையாட்டு இங்கே சுலபமான வாசல். வியாசர்பாடியில் கால்பந்து, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் கேரம், குத்துச்சண்டை. கேரம் மன்றத்தில் முதல் நாளே காயைத் தொடாதீர்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருங்கள், ஆள் குறையும்போது அவர்களே கூப்பிடுவார்கள். சந்தா ஏதாவது இருந்தால் மாத முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு: போட்டித் தேர்வு எழுதுவோருக்குப் பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி வளாகத்தில் தமிழக அரசின் இலவசப் பயிற்சி மையம் இருக்கிறது. விண்ணப்ப அறிவிப்பு வருடத்தில் எப்போதாவதுதான் வரும், தவறவிட்டால் காத்திருக்க வேண்டும். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்கவும் லேப்டாப் வைத்து வேலை செய்யவும் குறைந்த கட்டணத்தில் இடம் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் ஒரே மேஜைக்குத் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். தேர்வுக்குச் சேர்ந்து படிக்க மூன்று பேர் போதும். ஐந்தைத் தாண்டினால் படிப்பு டீக்கடைக்குப் போய்விடும்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மறந்துவிடாதீர்கள். ஆன்லைனில் இலவசம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஊரில் பதிந்திருந்தால் முகவரி மாறியதும் சென்னைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

7. பணம்: இங்கேதான் நல்ல பழக்கமெல்லாம் கெடும்

முதல் ஆறு மாதம் யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள், யாரிடமும் வாங்காதீர்கள். ஐநூறு, ஆயிரம் அவசரத்துக்குக் கொடுக்கலாம். திரும்பி வராது என்று நினைத்தே கொடுங்கள். அதற்கு மேல் கேட்டால் 'ஊர்ல கடன் கட்டிட்டிருக்கேண்ணே' என்று சொல்லிவிடுங்கள். அனேகமாக அது உண்மையாகவும் இருக்கும்.

ஜாமீன் கையெழுத்து கேட்டு வருவார்கள். பழகிய முகத்துக்காகப் போட்டுவிடத் தோன்றும். சட்டப்படி ஜாமீன் போட்டவருக்கும் கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு. அவர் கட்டாவிட்டால் வங்கி நேராக உங்களிடம் வரலாம். வெற்றுச் செக், எழுதாத பிராமிசரி நோட்டு இரண்டிலும் யாருக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003லிருந்து தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. இருந்தாலும் தினவட்டி, மீட்டர் வட்டிக்காரர்கள் சம்பள நாளில் கேட் வாசலில் நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். மாட்டிக்கொண்டால் இலவச சட்ட உதவிக்கு 15100.

சீட்டு: தெருவில், கம்பெனியில், கோயில் வாசலில் எல்லா இடத்திலும் சீட்டு உண்டு. பதிவு செய்யாத சீட்டு சட்டப்படி செல்லாது, பிடித்தவர் ஓடிப்போனால் உங்கள் பணமும் போனதுதான். சேருவதென்றால் பதிவுத்துறையில் பதிவான சீட்டில் சேருங்கள். சீட்டு தொடங்குவதற்கான சான்றிதழைப் பார்க்கக் கேளுங்கள், ஒப்பந்த நகல் வாங்குங்கள். நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 'நம்ம அக்காதான் புடிக்குது, பேப்பர்லாம் எதுக்கு?' என்பார்கள். அக்கா நல்லவராகவே இருக்கலாம். சீட்டை எடுத்த முதல் நாலு பேர் மீதித் தவணையைக் கட்டாமல் போனால் அக்கா என்ன செய்வார்?

பெண்களுக்கு இதைவிட நல்ல வழி சுய உதவிக் குழு. என் மனைவி கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அவருக்குத் தெருவில் நிஜமான துணை கிடைத்தது குழுவில்தான். 10 முதல் 20 பேர் வரை சேரலாம். ஏற்கெனவே இருக்கும் குழுவில் இடம் இருந்தால் அதில் சேருங்கள். புதிதாகத் தொடங்குவதென்றால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் நகர்ப்புற வாழ்வாதாரப் பணியைப் பார்க்கும் சமுதாய அமைப்பாளரைப் போய்ப் பாருங்கள். அவர் வந்து முதல் கூட்டத்தை நடத்திக் கொடுப்பார். தீர்மான நோட்டில் குழுவின் பெயர், பொறுப்பாளர்கள் பெயர் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நகல், உறுப்பினர்களின் ஆதார், பொறுப்பாளர்களின் போட்டோ இவற்றோடு வங்கியில் குழுப் பெயரில் சேமிப்புக் கணக்கு. செலவு நோட்டுப் புத்தகங்களும் ரப்பர் ஸ்டாம்பும்தான், சில நூறு ரூபாய்.

அப்புறம் வாரம் தவறாமல் கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை, நோட்டில் பதிவு. மனைவியின் குழுவில் சேமிப்பு வாரம் ஐம்பது ரூபாய், தாமதமாக வந்தால் பத்து ரூபாய் அபராதம். அபராதம் பொறுப்பாளருக்கும் உண்டு, அதுதான் குழு இன்னும் ஓடுவதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஆறு மாதம் நோட்டு சுத்தமாக இருந்தால் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். 10 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக்கூடாது. பொறி எங்கே என்றால், கடன் வந்ததும் ஒருவரே மூன்று பேர் பெயரில் வாங்கிக்கொள்வது. அதைத் தீர்மான நோட்டிலேயே தடுத்து எழுதிவிடுங்கள்.

8. நல்லது கெட்டது

கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மறந்துவிடுவார்கள். சாவுக்குப் போகாவிட்டால் மறக்க மாட்டார்கள். தெருவில் மேளச்சத்தம் கேட்டால் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு மாலையோடு போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். மொய்க்குத் தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எவ்வளவு வைத்தீர்கள், தேதி என்ன என்று எழுதுங்கள். வசதிக்கு மேல் வைக்க வேண்டாம், அடுத்தவருக்கு அது பாரம். ஆடியில் கூழ் ஊற்றினாலும், நோன்புக் கஞ்சி வந்தாலும், கிறிஸ்துமஸ் கேக் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

9. அக்டோபருக்கு முன் செய்ய வேண்டியது

மழைக்காலம் இங்கே தனிப் பாடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாள்கணக்கில் தண்ணீர் வடியாத தெருக்கள் உண்டு. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. செப்டம்பரிலேயே பக்கத்து நாலு வீட்டு நம்பர்களை வாங்கி வையுங்கள். மேல் மாடி வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வீட்டில் முதியவர், கைக்குழந்தை, சர்க்கரை மருந்து என்று தெரிந்து வைத்திருங்கள். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் மாடிக்காரரிடம் கொடுத்து வைக்கலாம், நகல்கள் டிஜிலாக்கரில் இருக்கட்டும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எந்த வழியாகச் சுற்றிப் போவது என்று உள்ளூர் ஆட்டோக்காரரிடம் முன்பே கேட்டு வையுங்கள். மாநகராட்சிக்கு 1913. போன் எடுக்கிறார்களோ இல்லையோ, புகார் எண்ணைக் குறித்துத் தெருவின் வாட்ஸப் குழுவில் போடுங்கள். ஒரே புகாரை நாலு பேர் தொடர்ந்து கேட்டால் மோட்டார் வந்து சேரும்.

10. வேலையோ வீடோ மாறும்போது

பழைய இடத்தை விட்டுக் கிளம்பும் விதத்தை வைத்துத்தான் அடுத்த இடத்தில் உங்களைப் பற்றிச் சொல்வார்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்த வாரத்திலேயே அனுபவச் சான்றுக்கும் எழுதிக் கொடுங்கள். கணக்கு முடித்துப் பணம் வாங்கிய பிறகு போனால் உங்கள் கோப்பைத் தேடவே ஆள் இருக்க மாட்டார்கள். சான்றில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி, பார்த்த வேலை நாலும் இருக்க வேண்டும். 'நன்னடத்தை' என்ற ஒரு வரிச் சான்று எங்கேயும் உதவாது. சீனியர் ஒருவரை விசாரணைக்குப் பெயர் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று யாரோ போன் செய்து கேட்டால் எந்த மனிதரும் விழித்துப்போவார்.

வீட்டை விடுவதென்றால் ஒப்பந்தத்தில் உள்ளபடி எழுத்தில் சொல்லுங்கள், வாட்ஸப்பாக இருந்தாலும் சரி. அட்வான்ஸை, பிடித்தம் போக, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 'அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க' என்று கடைசி இரண்டு மாத வாடகையைக் கொடுக்காமல் இருப்பது பலர் செய்யும் வேலை. அதைச் செய்தால் அந்தத் தெருவில் இருந்து ஒரு பரிந்துரையும் வராது. மீட்டரை ஓனரோடு சேர்ந்து படம் எடுங்கள். மளிகை நோட்டை அடைத்து, கடைசிப் பக்கத்தில் கோடு போடச் சொல்லுங்கள். தண்ணீர் கேன் போடும் பையனிடம் கொடுத்த டெபாசிட்டையும் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள், வண்டி கிளம்பிய பிறகு அவன் போன் எடுக்க மாட்டான்.